பழவந்தாங்கலில் நிற்காத வண்டி

மலையேறும் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு தலைமை தாங்கிய மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கார்டு சார். மற்ற தலைவர்கள் முன்னால் போய், கையை நீட்டி, என் பின்னால் வாருங்கள் என்பார்கள். கார்டு சார், எனக்கு முன்னால் போங்கள் என்பார். போகாவிட்டால் விசில் ஊதுவார்.

அவருடைய உண்மையான பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்டால், “பேர் எதுக்கு சார், டூட்டியைச் சொன்னா போதாதா?” என்பார். தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே ஓடும் மின்சார ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் அவர் போய் வந்த தூரத்தை நேராக நீட்டினால் நிலாவுக்குப் போய், வரும் வழியில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டும் வரலாம் என்பது என் கணிப்பு. இப்போது அந்த வேலைக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். யாராவது தெரியாத்தனமாக அவரை அப்படிச் சொல்லிவிட்டால் போச்சு.

“மேனேஜரா? நான் என்ன லாட்ஜா நடத்தினேன்?”

வேலையை விட்டு அவர் வந்துவிட்டார். வேலை அவரை விட்டு வரவில்லை. எந்த இடத்திலும் கடைசி ஆளுக்குப் பின்னால்தான் நிற்பார். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டால் வரிசையின் கடைசியில் போய் நிற்பார். அவருக்குப் பின்னால் யாராவது வந்து நின்றால், “நீங்க முன்னாடி போங்க” என்று வழிவிட்டு, மறுபடி கடைசிக்குப் போவார். இப்படியே எல்லாரையும் சாப்பிட அனுப்பிவிட்டு இவர் உட்காரும்போது இலையில் ரசமும் அப்பளத் தூளும்தான் விழும். “கடைசி பேசஞ்சர் ஏறினதைப் பார்த்துட்டேன் சார், அது போதும்” என்று திருப்தியாக ரசத்தை உறிஞ்சுவார். அவர் மனைவி தூரத்தில் இருந்து பார்த்து, தலையில் அடித்துக்கொள்வார்.

நாங்கள் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலையில் நடக்கிற கூட்டம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, வீட்டில் இருக்க முடியாமை என்று ஆளுக்கொரு காரணம். வருடக்கணக்காக அதே ஏரியைச் சுற்றிக்கொண்டிருந்தோம். ஒருநாள் கார்டு சார் நடுவழியில் நின்று, “இப்படியே சுத்திக்கிட்டிருந்தா எந்த ஸ்டேஷனும் வராது சார். எங்கயாவது போகணும்” என்றார். அப்படிப் பிறந்ததுதான் எங்கள் மலை நடை. சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் கிளம்பி, மலையேறி, இறங்கி, அடிவாரத்துப் புளியமரத்தடியில் சாப்பிட்டு, சாயங்காலம் வீடு திரும்புவோம்.

மலை என்றதும் இமயமலையை நினைக்க வேண்டாம். ஜி.எஸ்.டி. சாலைக்கு மேற்கே இருக்கும் ஒரு சின்னப் பாறை மலை. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வருகிற ஞாயிறு நீங்களும் வந்து, வண்டி நிறுத்த இடமில்லாமல் என்னைத் திட்டுவீர்கள்.

அந்த மலைக்கு மேலே போக மூன்று வழிகள் உண்டு. வேறு யாராவது என்றால் சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்திருப்பார்கள். கார்டு சார் அவற்றை ஃபாஸ்ட், செமி ஃபாஸ்ட், ஸ்லோ என்று பிரித்தார். பாறைமேல் நேராக ஏறுவது ஃபாஸ்ட். வளைந்து வளைந்து போவது செமி ஃபாஸ்ட். ஆட்டு மந்தை போகும் தடத்தில், நிழல் கண்ட இடமெல்லாம் நின்று, மலையைச் சுற்றிக்கொண்டு போவது ஸ்லோ. அடிவாரம்தான் தாம்பரம். உச்சிதான் பீச், அதாவது கடற்கரை ஸ்டேஷன். நடுவில் வேப்பமரம் வந்தால் சானடோரியம், உடைந்த சிமென்ட் தொட்டி வந்தால் குரோம்பேட்டை, ஸ்லோ தடத்தை ஃபாஸ்ட் தடம் குறுக்கே வெட்டிப் போகும் இடம் பல்லாவரம் என்று வரிசையாகப் பெயர் வைத்திருந்தார். பாதி மலையில் யானை படுத்த மாதிரி ஒரு பெரிய பாறை இருக்கிறது. அது பழவந்தாங்கல்.

யார் எந்த வண்டியில் ஏறுவது என்பதை நாங்கள் தீர்மானிக்க முடியாது. அதற்கு ஒரு பரீட்சை வைத்தார். எங்களை ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போய், நடைமேம்பாலத்தில் ஏறச் சொன்னார். அதற்கு முன் எல்லாருக்கும் பிளாட்பார டிக்கெட் வாங்கினார். “தண்டவாளத்தைத் தாண்டத்தானே சார் பாலம்? தினம் ஊரே தாண்டுதே!” என்று கேட்டதற்கு, “ஊர் தாண்டலாம். நான் கூட்டிக்கிட்டு வந்தவங்க டிக்கெட் இல்லாம தாண்டக் கூடாது” என்றார்.

பாலத்தின் மேல்படியை மிதித்த உடனே, நிற்காமல் உங்கள் முழு விலாசத்தையும் சொல்ல வேண்டும். பின்கோடு வரை மூச்சு வந்தால் ஃபாஸ்ட். தெருப் பெயரோடு நின்றால் செமி ஃபாஸ்ட். பெயரோடு நின்றால் ஸ்லோ.

நவீன் என்று ஒரு ஐ.டி. ஆள். பின்கோடு சொல்லி, அதற்கு மேல் வீட்டுக்கு வரும் வழியையும் சொன்னான். அவனை ஃபாஸ்ட்டுக்கு மோட்டார்மேன், அதாவது முன்னால் நின்று வண்டியை ஓட்டுகிறவன், ஆக்கினார். குரோம்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் செல்வி அக்கா தெருப் பெயர் வரை வந்து, “அவ்ளோதான் சார், மீதிய வூட்ல வந்து கேட்டுக்கோ” என்றார். அவர் செமி ஃபாஸ்ட்டுக்கு மோட்டார்மேன். கீழ்க்கட்டளையில் இருந்து ஸ்கூட்டரில் வரும் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, எங்களுக்கு பேங்க் சார், தன் பெயரையும் வகித்த பதவியையும் சொல்வதற்குள் மூச்சு தீர்ந்து ஸ்லோவில் விழுந்தார். அந்த அவமானத்தை அவர் இன்றுவரை மறக்கவில்லை.

என் முறை வந்தது. படியேறி முடித்து, “நான்…” என்றேன். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கார்டு சார் கொஞ்ச நேரம் காத்திருந்தார். கீழே ஒரு ரயில் வந்து, நின்று, போயும் விட்டது.

“உங்களை நான் பார்த்துக்கறேன் சார்” என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் என் விதி எழுதப்பட்டது. மூன்று வண்டிக்கும் ஒரே கார்டு. ஆகவே எல்லாருக்கும் கடைசியாகப் போகும் ஸ்லோவில்தான் அவருக்கு டூட்டி. அந்த ஸ்லோவிலும் கடைசி ஆள் நான். ஆக, மலைக்குப் போன ஒவ்வொரு முறையும் எனக்குப் பின்னால் சரியாக இரண்டடி தள்ளி கார்டு சாரின் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் நின்றால் அதுவும் நிற்கும்.

அவர் கையில் ஒரு காலி எவர்சில்வர் டப்பாவும் ஸ்பூனும் இருக்கும். இரண்டு தட்டு தட்டினால் புறப்பட வேண்டும். ஒரு தட்டு தட்டினால் நிற்க வேண்டும். கொடிகள் செல்வி அக்கா தைத்தவை. ரவிக்கைத் துணியில் மிஞ்சியதை வைத்துத் தைத்ததால் பச்சைக் கொடிக்கு ஓரத்தில் சரிகை மின்னும். “வண்டி என்ன பொண்ணு பார்க்கவா போகுது?” என்று முதலில் முறைத்தார். பிறகு அந்தச் சரிகை இல்லாமல் அவருக்கு முடியவில்லை. அதை மடிக்கும்போது மடிப்பு சரிகையில் விழாமல் பார்த்துக்கொள்வார்.

ஒருமுறை குரோம்பேட்டைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஆடுகள் குறுக்கே வந்தன. உடனே ஒரு தட்டு. நாங்கள் நின்றோம். “லெவல் கிராசிங்” என்றார். ஆடு மேய்த்தவர், “நீங்க போங்க சாமி, ஆடு ஒதுங்கிக்கும்” என்று கெஞ்சினார். இவர் கேட்கவில்லை. ஆடுகளோ நின்று எங்களை வேடிக்கை பார்த்தன. ஆட்டுக்காக நாங்களும், எங்களுக்காக ஆடும் நின்றுகொண்டிருந்தோம். கடைசியில் கார்டு சார் ஆடுகளுக்குப் பச்சைக் கொடி காட்டினார். ஒரு கிடா வந்து சரிகையை மோந்து பார்த்துவிட்டுப் போனது. அதன் பிறகுதான் மந்தை நகர்ந்தது.

இன்னொரு முறை பேங்க் சார் கோபித்துக்கொண்டு, “நான் செமி ஃபாஸ்ட்ல போறேன். என்கிட்ட என்ன குறை?” என்று சண்டைக்கு வந்தார். கார்டு சார், “உங்க விலாசத்தைச் சொல்லுங்க சார்” என்றார். பேங்க் சார் பெயரையும் பதவியையும் சொல்லி முடித்து, மூச்சு வாங்க ஸ்லோ வரிசையில் போய் நின்றார்.

ஸ்லோ வண்டி எப்போதும் பழவந்தாங்கலோடு முடிந்துவிடும். காரணம் நான்தான். அந்தப் பாறையைப் பார்த்ததும் என் கால் தானாக மடங்கும். உட்கார்ந்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பேன். கார்டு சார் என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இந்த வண்டி இத்துடன் தனது பயணத்தை முடித்துக்கொள்கிறது” என்று அறிவிப்பார். ரயில்வே வரலாற்றிலேயே பழவந்தாங்கலோடு நின்றுபோன வண்டி எங்களுடையதுதான். மற்றவர்களும் முதலில் முணுமுணுத்து, அப்புறம் அவரவர் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்துவிடுவார்கள். மற்ற இரண்டு வண்டிகளும் பீச்சுக்குப் போய்த் திரும்பும் வரை எங்களுக்கு அங்கே காற்று, நிழல், அரட்டை. எனக்கு அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. கார்டு சாருக்கும் இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மார்கழியில் ஒரு ஞாயிறு. அடிவாரத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கார்டு சார் கொஞ்சம் தள்ளி, கைபேசியில் எதையோ இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“சார், அவரு இன்னா பாக்குறாருன்னு தெரியுதா?”

“என்ன?”

“போன தபா நவீன் பீச்சுல எடுத்துப் போட்ட போட்டோ. அவன் எடுத்தா அவன் மூஞ்சிதானே கீது! அந்தத் தலைக்குப் பின்னாடி துளியூண்டு ரயில் லைன் தெரியும். இவரு வெரலால அந்தத் தலைய நவுத்தி நவுத்திப் பாக்குறாரு. நவுருமா அது?”

நான் சிரித்தேன். செல்வி அக்கா சிரிக்கவில்லை.

“சிரிக்காத சார். பீச்சு பீச்சுன்னு கூவிகினு கீறாரே, அந்தப் பீச்ச அவரு கண்ணால பாத்ததே கெடையாது. இத்தினி வருசமா எல்லாரையும் மேல ஏத்தி வுட்டாரு. அவரு மட்டும் போவல.”

கார்டு சார் இன்னும் கைபேசியில் விரலை நகர்த்திக்கொண்டிருந்தார்.

“கொடி தைக்கக் கடைக்கு வந்தப்ப சொன்னாரு. வேல பாத்த நாள் பூரா வண்டியோட பின்பக்கமே நின்னு, போன ஊரத்தான் பாத்தேன், வர்ற ஊரப் பாத்ததில்லன்னாரு. மலைக்கு மேல நின்னா லைனு முழுசா தெரியுமாமே, வண்டி இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி போறத ஒரு தபா நின்னு பாக்கணும்னாரு. அடுத்த வாரம் ஐதராபாத்து போறாரு, பொண்ணு வூட்டோட. சாமானெல்லாம் கட்டியாச்சு. இன்னிக்கு வுட்டா அவ்ளோதான்.”

“சொல்லியிருக்கலாமே! நாங்க எல்லாரும் உட்கார்ந்துக்கறோம், அவர் போய்ப் பார்த்துட்டு வரட்டும்.”

“நானும் அதான் சொன்னேன். கடைசி பேசஞ்சர வுட்டுட்டு கார்டு போவ முடியாதுன்றாரு.”

கடைசி பேசஞ்சர் கையில் இருந்த இட்லியைக் கீழே வைத்தார். என் வாழ்க்கையில் நான் பாதி சாப்பிட்டு வைத்த இட்லி அது ஒன்றுதான். அவர் உச்சியைப் பார்க்க வேண்டுமானால் அவருக்கு முன்னால் நான் அங்கே இருக்க வேண்டும். கணக்கு சுலபம். கால்தான் கஷ்டம்.

அன்றைக்குப் பார்த்து ஃபாஸ்ட் வண்டி லேட். நவீனும் அவன் கோஷ்டியும் வந்த வேன் எங்கோ மாட்டிக்கொண்டது. நீங்கள் கிளம்புங்கள், பிடித்துவிடுகிறோம் என்று போனில் சொன்னான். கார்டு சாருக்கு மனசே இல்லை. பின்னால் ஆள் வர இருக்கும்போது கார்டு முன்னால் போவதா? கடைசியில், “ஃபாஸ்ட் லேட்டானா ஸ்லோவை முன்னால விடறதும் நடக்கறதுதான்” என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். செமி ஃபாஸ்ட்டை அனுப்பிவிட்டு எங்களுக்கு இரண்டு தட்டு தட்டினார்.

வேப்பமரம் தாண்டி, தொட்டி தாண்டி, பல்லாவரம் வந்து சேர்ந்தோம். எல்லாரும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். அப்போது கீழே இருந்து நவீன், வழிவிடச் சொல்லி ஒரு கத்து கத்தினான்.

“ஃபாஸ்ட் வருது! ஃபாஸ்ட் வருது!”

அவன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

தாம்பரம் பக்கத்தில் குடியிருந்து வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு இது புரியும். ஸ்லோவுக்காக நிற்கும்போது, பக்கத்துப் பிளாட்பாரத்தில் ஃபாஸ்ட் வருகிறது என்று காதில் விழுந்தால் யாரும் யோசிப்பதில்லை. மூளைக்குச் செய்தி போவதற்குள் கால் பாலத்தில் ஏறியிருக்கும். எங்கள் ஸ்லோ வண்டியில் இருந்த அத்தனை பேரும் அப்படி ஆயுளைக் கழித்தவர்கள். முழங்கால் வலிக்காரர், மூச்சுத் திணறல்காரர், அடுத்த வாரம் பேரனின் காதுகுத்து என்று தன் உடம்பைப் பத்திரமாக வைத்திருந்தவர், எல்லாரும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்லோ தடத்தை விட்டுப் பாய்ந்து ஃபாஸ்ட் தடத்தில் ஏறினார்கள். முதல் ஆளாகப் போனது பேங்க் சார். போன வேகத்தில் மேலே ஒரு தட்டையான பாறையில் துண்டை வீசி இடம் பிடித்தார். அது மலை என்பதும், இடம் தாராளமாக இருக்கிறது என்பதும் துண்டு விழுந்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. அதற்குள் நவீன் கோஷ்டி வந்து கலந்து, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேலே போய்விட்டது.

கார்டு சார் ஒரு தட்டு தட்டினார். பிறகு விசில். பிறகு சிவப்புக் கொடி. யாரும் திரும்பவில்லை.

“ஓடற வண்டியில ஏறாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!” என்று கத்தினார். ஆளில்லாத ஸ்லோ தடத்தில், கையில் கொடியோடு அவர் நின்றதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வண்டியே போய்விட்ட கார்டு. அவருக்கு மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான்.

“சார், நாம வழக்கம்போல மெதுவா…” என்று ஆரம்பித்தார்.

நான் ஃபாஸ்ட் தடத்தில் காலை வைத்தேன்.

“சார்! அது உங்களுக்கு ஆகாது!”

நான் பதில் சொல்லவில்லை. துணிச்சலினால் அல்ல, மூச்சுக்காக. பின்னால் செருப்புச் சத்தம் தொடர்ந்து வந்தது. அந்த வழியும் பழவந்தாங்கல் பாறையின் ஓரமாகத்தான் போகிறது. பாறை வந்தது. நிழல் வந்தது. பையில் இருந்த புளியோதரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. முழங்கால் மடங்கத் தயாரானது.

“உக்காருங்க சார். முகம் சிக்னல் மாதிரி செவந்துபோச்சு. இங்கயே முடிச்சுக்கலாம்.”

நான் பாறையைப் பிடித்துக்கொண்டு, இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, “இது ஃபாஸ்ட் வண்டி சார். பழவந்தாங்கல்ல நிக்காது” என்றேன்.

கார்டு சார் கையில் இருந்த சிவப்புக் கொடியைச் சுருட்டினார். ரயில் விஷயத்தில் அவரால் எதிர்த்துப் பேச முடியாத ஒன்றை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு நான் ஏறிய ஏற்றத்தை ஏற்றம் என்று சொல்ல முடியாது. நாலு காலில் தவழ்ந்தேன். ஒரு செடியைப் பிடித்தேன், அது முள்செடி. ஒரு பாறையைப் பிடித்தேன், அது சூடு. கிண்டி என்று கார்டு சார் பின்னால் இருந்து சொன்னார். மாம்பலம் என்றார். எழும்பூர் என்றபோது அவர் குரல் மாறியிருந்தது. மேலே போய் வந்தவர்கள் சொன்ன அடையாளங்களுக்கு அந்தப் பெயர்களை அவர்தான் வைத்தார் என்றாலும், அந்த இடங்களை அவரும் அன்றுதான் பார்க்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பீச்சுக்கு முந்தின நிலையம் கோட்டை. அங்கே வந்தாயிற்று. தலைக்கு மேலே ஒரு பாறைச் சரிவு மட்டும் பாக்கி. அதன்மேல் எங்கள் ஆட்கள் எல்லாரும் நின்று கையாட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே என் உடம்பு தன் பயணத்தை முடித்துக்கொண்டது. உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவோ ஆசை. கால் என்னுடையதாகவே இல்லை.

கார்டு சார் எனக்கு இரண்டடி கீழே உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

“நீங்க போங்க சார். போய்ப் பார்த்துட்டு வாங்க” என்றேன்.

“எதைப் பார்க்கணும்?”

“லைனை.”

பாட்டில் மூடியைக் கையில் உருட்டினார். “செல்வி சொல்லிட்டாங்களா” என்றார். பிறகு, “பேசஞ்சரை நடுவழியில விட்டுட்டு ஒரு கார்டு போய் வேடிக்கை பார்த்தான்னா, அவன் என்ன சார் கார்டு? அதெல்லாம் ஒண்ணும் வேணாம். தண்ணி குடிங்க” என்றார்.

சொன்னவரின் கண் மட்டும் என் தலைக்கு மேலே, அந்தச் சரிவில் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வியர்வையோடு வியர்வையாகத் துடைத்துக்கொண்டேன்.

மேலே இருந்து செல்வி அக்கா எட்டிப் பார்த்தார். நான் உட்கார்ந்திருப்பதையும், எனக்குக் கீழே கார்டு சார் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். பிறகு திரும்பி எல்லாரிடமும் என்னவோ சொன்னார். அடுத்த நிமிடம் மொத்தக் கூட்டமும் இறங்க ஆரம்பித்தது. நவீன், பேங்க் சார், முழங்கால் வலிக்காரர், எல்லாரும் ஒவ்வொருவராக எங்களைத் தாண்டிக் கீழே போய், வழியில் வரிசையாக நின்றார்கள், முகத்தை அடிவாரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு. செல்வி அக்கா மட்டும் கார்டு சாருக்கு எதிரில் வந்து நின்றார்.

“சார், பீச்சு வந்தா வண்டி திரும்பும் இல்ல?”

“ஆமா.”

“நாங்க பீச்சுக்கு வந்தாச்சு. இப்ப தாம்பரத்துக்குத் திரும்பறோம். அதோ, கீழ நிக்கிறானே நவீன், அவன்தான் மோட்டார்மேன். வண்டி கீழ பாத்து நிக்குது. இப்ப சொல்லு, கார்டு பொட்டி எங்க கீது?”

கார்டு சார் கீழே நிற்கும் வரிசையைப் பார்த்தார். அந்த வரிசையின் வாலில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால், மேலே, காலியாகக் கிடந்த உச்சியைப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் படித்த விதிகள் எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாகப் புரள்வது தெரிந்தது. ஏதாவது ஒரு விதி குறுக்கே வந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “கார்டு பின்னாடிதான் இருக்கணும்” என்றார்.

“அதான் சொல்றேன். போய் நில்லு சார்.”

என்னைத் தாண்டி மேலே போனார். இத்தனை வருடப் பழக்கத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் கார்டு சாரின் முதுகைப் பார்த்தேன்.

உச்சியில் போய் நின்றவர், கிழக்கே பார்த்தார். ரயிலின் ஹார்ன் சத்தம் கேட்டது. நாங்கள் இருந்த இடத்தில் இருந்து எதுவும் தெரியவில்லை. அவர் தலை மட்டும் தெரிந்தது. அந்தத் தலை வலது கைப் பக்கம் தாம்பரத்தில் இருந்து இடது கைப் பக்கம் பல்லாவரத்துக்கு மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பியது. அந்தக் கோடி போய்ச் சேரும் வரை திரும்பியது. பிறகு அப்படியே நின்றது. நவீன் கைபேசியை எடுத்துக்கொண்டு மேலே போகப் பார்த்தான். செல்வி அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, “அவரு பாக்கட்டும்பா. இன்னிக்காவது ஒன் தலைய குறுக்க நீட்டாத” என்றார்.

வெயில் ஏறியது. யாரும் விசிலுக்கு அவசரப்படவில்லை. நேரம் தவறினால் குதிக்கும் பேங்க் சார், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்னொரு வண்டி போனது. அதற்கும் அந்தத் தலை திரும்பியது. ரொம்ப நேரம் கழித்து, மேலே இருந்து ஸ்பூன் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு.

இறங்கும்போது வழக்கம்போல எனக்குப் பின்னால் வந்தார். பழவந்தாங்கல் பாறைக்குப் பக்கத்தில் வந்தபோது அவராகவே சொன்னார்.

“முழுசா தெரிஞ்சுது சார். மொதல் பொட்டியிலேர்ந்து கடைசிப் பொட்டி வரைக்கும்.”

“கடைசிப் பெட்டியில கார்டு தெரிஞ்சாரா?”

“வண்டியே எறும்பு வரிசையாட்டம்தான் தெரிஞ்சுது சார், அவ்ளோ தூரம். ஆனா இருப்பார். அவருக்குப் பச்சை காட்டினேன். அவர் பார்த்திருக்க மாட்டார்.” கொஞ்சம் நடந்து, “பரவாயில்ல” என்றார்.

அடுத்த வாரம் அவர் ஐதராபாத் போய்விட்டார். வழியனுப்ப நாங்கள் எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். கையில் பிளாட்பார டிக்கெட் இருக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் பார்த்த பிறகுதான் ஏறினார். அங்கே மகள் வீட்டுப் பக்கத்தில் ஒரு பூங்கா இருக்கிறதாம். தெலுங்கு பேசும் ஐந்தாறு பேரை அதற்குள் வரிசையில் நிற்க வைத்துவிட்டார் என்று அவர் மனைவி போனில் சொல்லிச் சிரித்தார்.

நாங்கள் இப்போதும் மலைக்குப் போகிறோம். டப்பாவும் ஸ்பூனும் செல்வி அக்காவிடம் இருக்கின்றன. சரிகைக் கொடியைக் கார்டு சார் தன்னோடு எடுத்துப் போய்விட்டார். பேங்க் சார் எப்படியோ பின்கோடு வரை சொல்லி ஃபாஸ்ட்டுக்கு மாறிவிட்டார். என் உடம்பும் முன்பைவிடத் தேவலை. பழவந்தாங்கலைத் தாண்டிக் கோட்டை வரை நின்று நின்று போய்விடுகிறேன். அதற்கு மேல் ஒரே ஒரு சரிவுதான், இப்போது ஏறிவிடலாம் சார், வாருங்கள் என்று நவீன் கையை நீட்டுகிறான்.

நான் ஏறுவதில்லை. பொங்கலுக்கு வருவதாகக் கார்டு சார் சொல்லியிருக்கிறார். அவர் வரும்போது, அவர் பின்னால் நின்று ஏற்றிவிட, பீச்சுக்குப் போய்ச் சேராத பேசஞ்சர் ஒருவராவது பாக்கி இருக்க வேண்டாமா?